கடைசித் தெரு

தை 9, சனி.

ராசிபுரத்தில் தெருவுக்கு எத்தனை தறி ஓடுகிறது என்று எழுதிவர, காலேஜில் என் மகனையும் கூடப் படிக்கும் மூன்று பேரையும் ஒரு குழுவாகப் போட்டிருந்தார்கள். திங்களன்று கொடுக்க வேண்டும். இன்று என் வீட்டில் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், கடைசித் தெருவுக்கு ஒருவனும் போகவில்லை. அடுத்தவன் போயிருப்பான் என்று நால்வருமே இருந்துவிட்டார்கள்.

"காப்பி குடுக்கிற ஊட்டுக்கு மட்டும் மூணு பேரு போயிருக்கீங்களேடா!" என்றான் மகன்.

அங்கே நூல் விற்கிறவன் நான். "முப்பத்தாறு தறி. எழுதிக்க சாமி" என்றேன்.

"வேண்டாங்கப்பா. நாங்க போயிப் பாக்கோணுமுங்க. காலைல மொத பஸ்ஸுக்கே போறோம்."

கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்தத் தெருவை நான் பார்த்தே மூன்று வருடமாகிறது. குமாஸ்தா போவான் என்று நானும் இருந்துவிட்டேன். காலையில் ஐந்து டிக்கெட்டாக வாங்கச் சொல்ல வேண்டும்.