ஆறு கை நிலா டாக்டர்

ஜெய்சன்,

நிலா டாக்டர் இருக்கிறார்! நிஜமாகவே இருக்கிறார்! அவசரமாக எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கறி வாங்கப் போகும்போது போனை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள். விடாமல் அடித்தது, எடுத்தேன். டி. கல்லுப்பட்டியிலிருந்து அருள்பாண்டி என்று ஒருவர். "சார் கேட்ட ஆறு கை பொம்மை எங்கப்பா டிரங்குப் பெட்டியில கிடைச்சிருச்சு" என்றார். அவருடைய அப்பா அந்தப் பொம்மைக் கம்பெனியில் அச்சு செய்தவராம். கம்பெனி மூடியதால் கடைக்கே வராமல் போன பொம்மையின் முதல் மாதிரி, பெயின்ட்கூட அடிக்காதது! என் விண்வெளி பொம்மை செட்டில் இத்தனை வருடமாக, அட்டையில் படமாக மட்டும் இருந்த அந்த ஒரு ஆள்தான் இல்லை.

நேற்று "அப்படி ஒரு பொம்மையே கிடையாது" என்று சாதித்தீர்களே! நானும் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேனே! ஆனால் அருள்பாண்டியோ, "வீட்டம்மா பொறந்தநாளுக்குன்னு சார் எம்புட்டுத் தடவ போன் போட்டாரு! நீங்க அவரு தங்கச்சியா? அந்தம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இதோ டி. கல்லுப்பட்டிக்குக் கிளம்பிவிட்டேன். கறியைக் கழுவி ஃபிரிட்ஜில் வையுங்கள். கேஸ் சிலிண்டர் வரும், வீட்டிலேயே இருங்கள். சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

ஆன்மேரி

பி.கு. செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். கறியை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள், மற்றதெல்லாம் கேன்சல். சிலிண்டரை எதிர் வீட்டு மீனா வாங்கி வைப்பாள். பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறேன். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வராமல் பஸ் ஏற மாட்டேன்.