பேஜாரான ஜெபம்

ஞாயிறு, இரவு

போதகர் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருக்கும் எங்கள் சபை ஸ்டெல்லா அக்காவுக்காக ஜெபிக்க என்னைப் போகச் சொன்னார். எனக்கு எதற்கு இந்த வேலை? அக்காவுக்கு நாளை ஆபரேஷன்.

போதகரைப் போலவே "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. வார்டே என்னைப் பார்த்தது. கடைசியில், "இயேசப்பா, அக்கா பயந்துகினு இருக்காங்க. எனக்கும் பேஜாரா கீது. நீங்களே பாத்துக்கோங்க" என்று உளறி, ஆமென் சொல்லிவிட்டேன்.

வெட்கத்தில் கண்ணைத் திறக்கவே மனமில்லை. அக்கா என் கையை விடவில்லை. "காலையிலேர்ந்து இதத்தான் சொல்லப் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு வாய் வரல" என்றார்.

காலையில் போதகர் வந்துவிடுவார். ஆனாலும் அக்கா என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். என்ன ஜெபிப்பது என்று இப்போதும் தெரியவில்லை. விடிந்ததும் நான் பஸ் ஏறுகிறேன், மீதியை இயேசப்பா பார்த்துக்கொள்ளட்டும்.