ஆளுக்கொரு காது

இன்று காலை குழிக்கரண்டியில் தேங்காய் எண்ணெயையும் மஞ்சளையும் காய்ச்சினேன். அடுப்பை அணைத்ததும் அந்த வாசனை எழுந்தது. உன் காதோரம் எப்போதும் இருந்த வாசனை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அதற்குள் தருண் என் செருப்பைத் தூக்கிக் குடிதண்ணீர்க் குடத்துக்குள் போட்டான். வருண் அதை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தான். உன்னை நினைத்துக்கொண்டு நிற்க இவர்கள் எனக்கு முழுதாக ஒரு நிமிடம் விடுவதில்லை.

எண்ணெய் யாருக்கு என்று கேட்பாய். பாதி பூர்ணியின் காதுக்கு, மீதி என் காதுக்கு. சிரிக்காதே, சொல்கிறேன்.

இந்தக் காது விவகாரத்தைத் தொடங்கி வைத்தவள் நம் மூத்தவள் பூர்ணிதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே, பால் குடித்துக்கொண்டே உன் காதுமடலைப் பிடித்துக்கொள்வாள். விரல் மெல்லப் பின்னால் போய்க் கம்மலின் திருகாணியைத் தேடும். அதைத் திருகித் திருகித்தான் தூங்குவாள். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் விடவில்லை. பிறகு இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீ இரண்டு துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தாய். பூர்ணி பாயின் ஓரத்தில் நின்று பார்த்தாள். சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்தாள். என் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன்னுது மொட்டையா இருக்குதுப்பா" என்றாள். சின்ன வயதில் எனக்குக் காது குத்தியதும் அது தூர்ந்துபோனதும் அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அந்த மொட்டைக் காதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அன்றிலிருந்து அதுவே அவளுக்கென்று ஆகிவிட்டது.

பையன்கள் இரண்டு பேரும் அக்காவின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தருணுக்கு வலது காது, வருணுக்கு இடது காது. மாற்றிப் படுக்க வைத்துவிட்டால் அன்று வீட்டில் போர்தான். நீ மல்லாந்து படுத்து, திரும்பக்கூட முடியாமல், கூரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கதை பேசுவாய். "ரெண்டு காதையும் இவனுங்க பேருக்கு எழுதி வெச்சுட்டேங்க. எனக்குன்னு மூக்குத்தி மட்டும்தான் மிச்சம்" என்பாய். நான் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தோல் வெட்டிவிட்டு வந்த அலுப்பில் பாதிக் கதையிலேயே தூங்கிவிடுவேன். இப்போது அந்த மீதிக் கதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உள்ளே கொண்டுபோகும் முன் நகைகளைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கம்மலை நர்ஸ் கழற்ற வந்தபோது நீ விடவில்லை. நீயே திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "திருகாணி ரொம்ப சின்னதுங்க. பத்திரம், தொலைச்சுடாதீங்க" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்ளப் போகிறவள் சொல்கிற மாதிரிதான் சொன்னாய். கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்தேன். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு ரொம்ப நாள் தைரியம் வரவில்லை.

பகல் எப்படியோ போய்விடுகிறது. எதிர்வீட்டு பாயம்மா, நீ இருக்கும்போது பிள்ளைகளைத் தூக்கிப் போனவள்தான், இப்போதும் தூக்கிப் போகிறாள். நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது பூர்ணி ஸ்கூலிலிருந்து வந்து தம்பிகளை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பாள். அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒருவனுக்குச் சோறு ஊட்டினால் மற்றவன் தட்டைக் கவிழ்ப்பான். அவனைக் கழுவப் போனால் இவன் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பான். ஒன்று அழுதால் மற்றது காரணமே இல்லாமல் கூட அழும். அதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். படுக்க வைக்கும் நேரம்தான் என்னால் தாங்க முடிவதில்லை. இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து, நீ படுக்கும் இடத்தைத் தட்டித் தட்டி அழுவார்கள். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன், தெருமுனை வரைக்கும் வந்தேன், கால் வரவில்லை. என் வீட்டுக்குள் போக எனக்கே பயம். டீக்கடையில் உட்கார்ந்து, வேண்டாத ஒரு டீயை வாங்கி, ஆறின பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் பூர்ணி பாயில் ஏறி நடுவில் படுத்தாள். உன்னைப் போலவே மல்லாந்து. இரண்டு கைகள் அவள் காதுகளைத் தேடிப் போயின. அவளுடைய சின்னக் கம்மலில் திருகாணியைக் கண்டுபிடித்தன. வீடு சட்டென்று அடங்கியது. நான் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். அந்த நிம்மதியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் எவ்வளவு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்றார். தலையைத் தூக்கிப் பிடித்துக் காதைக் காட்டினார். இரண்டு துளையும் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள் உன் மகள். டாக்டர் கம்மலைக் கழற்றி, ஆறுகிறவரை எதுவும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் திரும்ப அழுகை. பையன்கள் அக்காவின் காதைத் தொடுவார்கள், பின்னால் தேடுவார்கள், ஒன்றும் இல்லை என்றதும் அலறுவார்கள். அவள் வலியில் முகத்தைச் சுளிப்பாள், ஆனால் காதை இழுத்துக்கொள்ள மாட்டாள். அவளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டு நான் நடுவில் படுத்தேன். வருண் என் காதைத் தடவினான். திருகாணி இல்லை. கையை ஓங்கிப் பளாரென்று காதிலேயே அறைந்தான். இவர்களுக்குத் தேவை காது இல்லை, கம்மல்தான் என்று எனக்கு அந்த அடியில்தான் உறைத்தது.

கைக்குட்டையின் முடிச்சை அன்றுதான் அவிழ்த்தேன். அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். கம்பெனியில் அட்டையும் தோலும் ஒட்டுகிற சொல்யூஷன் கொஞ்சம் கொண்டுவந்து, உன் கம்மல் இரண்டையும் என் காதில் ஒட்டிக்கொண்டேன். ஆம்பூரில் எந்த வீட்டில் எது பிய்ந்தாலும் அதைத்தானே தேடுவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் போட்டேன். தருண் மோந்து பார்த்துத் தும்மினான். பிறகு பிடித்து ஒரு திருகு. கம்மல் கையோடு வந்துவிட்டது. நான் எழுவதற்குள் வாய்க்குப் போய்விட்டது. விரலை விட்டு எடுத்தேன். பிள்ளையையும் உன்னிடம் அனுப்பப் பார்த்தேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று பேரும் என் அழுகையை வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று மாலைதான் உன் அண்ணன் அணைக்கட்டு ஊரிலிருந்து போன் செய்தார். என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். "மாப்ள, நீ ஒண்டி ஆளு. இன்னா பண்ணுவ? ரெண்டு பசங்களயும் நாங்க வெச்சிக்கிறோம். பொண்ணு உன்கூட இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம வந்து கூட்டினு போறேன்" என்றார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்றது. சரி மச்சான் என்று சொல்லிப் போனை வைத்தபோதுதான் பார்த்தேன், பூர்ணி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தலை வாரிவிட அவளை உட்கார வைத்தேன். காதில் கம்மல் இருந்தது. ஆறிக்கொண்டிருந்த புண்ணில் அவளே குத்தித் திருகிப் போட்டிருந்தாள். கழுத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எனக்கு வலிக்கவே இல்லப்பா. மாமாகிட்ட வர வேணாம்னு சொல்லிடு. நானே தூங்க வெச்சிடுவேன்" என்றாள்.

நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன். அவள் கம்மலைக் கழற்றி மருந்து போட்டு ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, பையன்களை பாயம்மாவிடம் விட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். ஆம்பூரிலேயே ஆசாரி இருக்கிறார்தான். ஆனால் கடையை விட்டு வெளியே வருவதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி போய்விடும். லாங் பஜாரில் ஒரு சந்துக்குள் காது குத்துகிற கடையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார், குழந்தை எங்கே என்று. எனக்குத்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு. மொட்டை போட்டாச்சா, மாமன் மடியில் உட்காரணுமே, மாமன் எங்கே என்று கிண்டல் செய்துகொண்டே, இந்தக் காலத்துப் பையன்கள் போடுகிற கறுப்பு ஸ்டட்டை எடுத்து நீட்டினார். நான் கைக்குட்டையைப் பிரித்து உன் கல் கம்மலை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டார். குத்தி முடித்த பிறகு, புண் ஆறுகிறவரை யாரையும் தொட விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு அவ்வளவு நாள் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கம்பெனியில் கட்டிங் பிரிவு முழுக்க இரண்டு நாள் என் காதுதான் பேச்சு. புதுப் பெண் என்றார்கள், வளைகாப்பு எப்போது என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். வீட்டில் கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை. என் முகத்தில் உன் கம்மல் இருப்பதைப் பார்த்ததும் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தார். பையன்களின் துணிமணிகளுக்கு ஒரு பெரிய பையும் கொண்டுவந்திருந்தார். என் காதைப் பார்த்தார். பூர்ணி அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் நான் பாயை விரித்து, உன்னைப் போல மல்லாந்து படுத்தேன். வலது பக்கம் தருண், இடது பக்கம் வருண். இரண்டு கைகள் வந்தன. தடவின. பின்னால் போயின. திருகாணியில் பட்டதும் இரண்டும் ஒரு கணம் நின்றன.

பிறகு திருகினார்கள்.

உயிர் போய் உயிர் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடிக் காதுக்குள்ளேயே இறங்கியது. நான் அசையவில்லை. இத்தனை நாள் நீ அசையாமல் கிடந்தாயே, அதை ஒரு வேலை என்று ஒரு நாளாவது நான் நினைத்தேனா? தருண் "ம்மா" என்றான். எதற்குச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

உன் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வெறும் பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"காது குத்துக்கு என்னக் கூப்புடலயே மாப்ள" என்றார். "தீபாவளி வரைக்கும் பாக்கலாம். முடியலன்னா மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

முடியவில்லை என்று கத்தத் தோன்றியது. கத்தினால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள்.

அப்போதுதான் பூர்ணி வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு வேலை எதுவும் இல்லை. பாயைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் தருண் கை, இடது பக்கம் வருண் கை. நீ துணி மூட்டைகளோடு வந்த அன்று நின்ற மாதிரியே ஓரத்தில் நின்றாள். அன்று அவளுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தது.

"எனக்குப்பா?" என்றாள்.

தருணின் விரல்களை விலக்கிப் பார்த்தேன். சிணுங்கினான். விட்டுவிட்டேன். பூர்ணி என் கால்மாட்டில் சுருண்டு படுத்து, என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைத் திருகிப் பார்த்தாள்.

நீ கொடுத்ததை நான் தொலைக்கவில்லை. தினமும் கம்பெனி பஸ் ஏறும் முன் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். திருகாணி இரண்டும் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் மூன்று பேர். நாம் இருவரும் இருந்தவரை இந்த வீட்டில் நான்கு காதுகள் இருந்தன.