கதிரிலேயே முளைத்தது

செப்டம்பர் 11
சோளக் கதிர் முற்றி வருகிறது. காலையில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். துவர்ப்பே இல்லை, மாவாகக் கரைகிறது. அக்கா கேட்டது இதுதான். அவள் எத்தனால் ஆலையின் ஆய்வகத்தில், நான் விதைப் பண்ணையில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

“சிவப்புச் சோளம் வேண்டாம்டி. அதுல இருக்கிற துவர்ப்பு, மாவைச் சர்க்கரையாக்கற நொதியை வேலை செய்ய விடமாட்டேங்குது. வெள்ளையா, மெத்துன்னு, சீக்கிரம் குழையற மாவா ஒண்ணு குடு” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அதற்காக இனம் கலந்து, பொறுக்கி, மறுபடி கலந்து, பத்து வருஷம். இப்போது ஒரு வயல் நிற்கிறது.

இந்த விதை வேறெங்கும் இல்லை. கோடையில் குளிர் அறை பழுதாகி, இருப்பில் பெரும்பகுதி செத்துவிட்டது. மிச்சத்தில் பாதியாவது எடுத்து வைக்கிறேன் என்றேன். ‘உடனே’ விடவில்லை. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் அது; எதைக் கேட்டாலும் உடனே பண்ணுங்க என்பார். “ஆலை லாரி கணக்குல கேக்குது. எல்லாத்தையும் விதைங்க.”

விதைத்தேன்.

செப்டம்பர் 19
குருவிகள். துவர்ப்பில்லாத தானியம் என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது. வலை கட்டினோம்.

செப்டம்பர் 28
மழை. இன்னும் ஒரு வாரம் வெயில் போதும், கதிர் காய்ந்துவிடும்.

அக்டோபர் 2
மழை விடவில்லை. ஈரத்தோடு அறுத்தால் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். அது மக்காச்சோளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘உடனே’யிடம் போய்க் கேட்டேன். “வரிசைப்படிதான் வரும்மா” என்றார். இந்த மனிதர் பொறுமையைக் கற்றுக்கொள்ள இந்த வாரம்தானா கிடைத்தது?

அக்டோபர் 5
முளைத்துவிட்டது. கதிரிலேயே.

உமியைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை. ஒரு கதிர், இரண்டு கதிர் இல்லை — வயல் முழுக்க. அடுத்த வயலில் சிவப்புச் சோளம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. துவர்ப்பும் கெட்டித் தோலும் அதைக் காப்பாற்றிவிட்டன. அந்த இரண்டையும்தானே நான் தேடித் தேடிக் கழித்தேன். என்ன பண்ணி வெச்சிருக்கேன்? தன்னைக் காப்பாத்திக்க அதுகிட்ட இருந்ததை எல்லாம் நானே பிடுங்கிட்டேனே. யாரை நோக?

அக்டோபர் 8
முளைத்ததை நாற்றாகவாவது பிழைக்க வைக்கலாம் என்று தட்டுகளில் நட்டிருக்கிறேன். பண்ணையில் இடம் போதாமல் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அக்கா தட்டுகளைத் தாண்டித் தாண்டி அடுப்புக்குப் போகிறாள்.

அக்டோபர் 16
பூஞ்சை. மணிக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டு இலை விட்டதும் தண்டு அழுகிச் சாய்கிறது. மருந்துக்கும் கேட்கவில்லை.

அக்டோபர் 20
கடைசித் தட்டையும் கொட்டினேன்.

அக்டோபர் 22
வயலில் மிச்சமிருந்ததை அறுத்தாயிற்று. விதைக்கு ஒரு மணிகூடத் தேறவில்லை. “மாட்டுக்குக்கூடப் போட முடியாது. ஆலைக்காவது போகட்டும்” என்றார் ‘உடனே’. லாரி புறப்பட்டபோது நான் வெளியே போகவில்லை.

அக்டோபர் 30
அக்கா ஆலையிலிருந்து போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

“உன் சோளம் மூணு நாள் புளிக்க வேண்டியது ரெண்டு நாள்லயே புளிச்சு முடிஞ்சிடுச்சுடி. முளை விட்டுச்சு இல்லையா, மாவைச் சர்க்கரையாக்கற வேலையை அதுவே ஆரம்பிச்சு வெச்சிருக்கு. கூழ் தண்ணி மாதிரி ஓடுது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படி ஒரு தானியம் பாத்ததில்ல.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். போனை யாரும் வைக்கவில்லை. அவள் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 1
“இவ்வளவு நல்லா வரும்னு தெரிஞ்சிருந்தா —” என்று அக்கா ஆரம்பித்தாள். எழுந்து போய்விட்டேன்.

அவள்மேல் என்ன கோபம்? அவ சந்தோஷப்பட்டா. அவ்வளவுதான். அவ வேலை அது. ஆனா என்னால முடியல. மூஞ்சியைப் பாக்க முடியல.

நவம்பர் 3
படுத்தே கிடந்தேன்.

நவம்பர் 14
அக்கா என் அறைக் கதவருகே வந்து நின்றாள். “மறுபடி ஆரம்பிக்க முடியாதா?”

“இன்னும் பத்து வருஷம் ஆகும்.”

“நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்.”

“வெள்ளைச் சோளத்துக்கு முன்னாடி நமக்கு வெள்ளை முடி வந்துடும்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். விளக்கை அணைத்தபின் பத்து வருஷத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

டிசம்பர் 3
மக்காச்சோளப் பிரிவில் முதல் நாள். வேறு மகரந்தம் படாமலிருக்கக் கதிர்களுக்குப் பை மாட்டினோம். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

வீட்டில் சாப்பிடும்போது அக்கா சொன்னாள், ஆலை மேனேஜர் அந்தச் சோளம் இன்னும் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாராம்.

“என்ன சொன்னே?”

“தீந்துபோச்சுன்னு சொன்னேன்.”

தட்டுகளை நான் கழுவினேன். அவள் துடைத்து வைத்தாள்.