வழுக்கி விழுந்த கை

மயிலாப்பூர்
10.2.2025

அன்புள்ள மதுவந்திக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். போனில் பேசலாமென்றால் உன் அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறாள், அதனால் இந்த மெயில். பயப்படாதே. உன் தம்பி வத்சனுக்கு வலது கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடித்துவிட்டு வந்து கத்தினான். யாரோ சொல்லிப் போலீஸ் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கைகூட அலம்பவிடாமல், சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். மாஜிஸ்திரேட் கேட்டபோது அவனும் அப்படித்தான் சொன்னான். ஜாமீன் கிடைத்துவிட்டது. அங்கே குளிர் குறைந்ததா?

அப்பா

ஹாம்பர்க்
12.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் ஊர் ஸ்டேஷன்களில் பாத்ரூம் மட்டும் எப்படி இத்தனை வழுக்குகிறது? கணக்கு வாத்தியார் நீங்கள், இதை நம்பிவிட்டீர்களா?

வத்சனுக்காக வாதாடும் வக்கீல் சிந்துவிடம் பேசினேன். ஸ்டேஷனில் அடித்துக் கையை உடைத்தார்கள் என்று போலீஸ்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். வீட்டை விட்டுப் போகும்போது கை நன்றாக இருந்தது என்று நீங்கள் விசாரணையில் சொன்னால் போதுமாம். இல்லாவிட்டால் போலீஸைத் தாக்க வந்தான் என்று அவர்கள் போட்டிருக்கும் கேஸ் அவன் தலையில் நின்று, வேலையும் போய்விடும். நீங்களோ பிடிகொடுக்கவே இல்லையாம்.

இங்கே எங்கள் மாடிவீட்டுப் பையன்மேல் ஒரு கேஸ். அவன் அம்மாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 'என் பிள்ளையைப் பற்றி நான் பேசமாட்டேன்' என்றாள். இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு, அனுப்பிவிட்டார்கள். அவள் பேசாதது பிள்ளையைக் காப்பாற்ற. நீங்கள் யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

மது

மயிலாப்பூர்
15.2.2025

மது,

என்னைத்தான்.

போலீஸைக் கூப்பிட்டது நான். இன்ஸ்பெக்டரின் பெண் என்னிடம் டியூஷன் படித்தவள். "நாலு தட்டு தட்டி அனுப்புங்கோ, புத்தி வரட்டும்" என்று போனில் சொன்னேன். நம் தெருவில் இது புதிதா என்ன? அடங்காத பிள்ளையை ஸ்டேஷனில் மிரட்டி அனுப்பச் சொல்லாத அப்பா எத்தனை பேர்? நாலு தட்டு என்றால் அங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் பொய்தான்.

நான் சாட்சி சொன்னால் இன்ஸ்பெக்டர் என் பெயரைச் சொல்லுவார். அப்புறம் வத்சன் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெட்கமாக இருக்கிறதம்மா.

அப்பா

ஹாம்பர்க்
17.2.2025

அப்பா,

கோபத்தில் எழுதி எழுதி அழித்தேன். வத்சனுக்குத் தெரியும். நீங்கள் போனில் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது. வழுக்கி விழுந்தேன் என்று அவன் சொன்னதே அதனால்தான். "அப்பா பேர் கோர்ட்டுல வரப்படாது. எனக்குத் தெரியும்னு அவர்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். நான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

மது

மயிலாப்பூர்
3.3.2025

அன்புள்ள மது,

இன்று விசாரணைக்குப் போனேன். கை நன்றாக இருந்தது என்றேன். இன்ஸ்பெக்டர் உங்கள் பெயரைச் சொல்கிறாரே, அடிக்கச் சொன்னது நீங்கள்தானா என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வத்சன் முந்திக்கொண்டான்: "எங்கப்பா மிரட்டத்தான் சொன்னார். அடிக்கச் சொல்லலை."

"இல்லை சார், அடிக்கத்தான் சொன்னேன்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. கே.கே. நகரில் சிநேகிதன் அறையில் இருக்கிறானாம், "நான் மறைச்சதை அவரே போட்டு உடைச்சுட்டார்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பான். சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அப்பா