அக்கா கண் திறந்திருக்கும் படம்

மார்ச் 4, புதன்

அக்கா இந்த மாதக் கடைசியில் நீச்சல் பயிற்சியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். நீச்சல் குளத்து மேலாளர் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். "உங்க அக்கா போட்டோ ஒண்ணு வேணும்மா. சுவர்ல மாட்டணும். அவங்ககிட்ட கேட்டா திட்டுறாங்க."

திட்டத்தான் செய்வாள். ஃபிளாஷ் மின்னினால் அக்காவுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படி. என் கல்யாண ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் நின்றபடியே தூங்குகிறாள். யாரோ அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தபோது அவளும் கூடச் சிரித்தாள். அதோடு சரி, எந்தக் கேமரா முன்னாலும் நிற்பதில்லை. "என் மூஞ்சி லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்பாள்.

தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்களுக்குத் தெரிகிற முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 7, சனி

ஒரு யோசனை. பிள்ளைகள் நீந்துவதைப் பெற்றோர்கள் எடுத்த வீடியோக்களை மேலாளர் சேகரித்து அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஓரத்தில் அக்கா. கழுத்தில் விசில், தோளில் ஈரத் துண்டு. தண்ணீர் முகத்தில் அடித்தாலும் இமைக்காமல் பிள்ளைகளையே பார்க்கிறாள். அந்த ஓரத்தைப் பெரிதாக்கி, நல்ல இடத்தில் அசைவை நிறுத்தி, ஒரு வெள்ளை மின்னல், ஒரு 'க்ளிக்'... போட்டோ எடுத்த மாதிரியே இருக்குமே! இந்த ஃபிளாஷை நான் பிறகுதானே போடப்போகிறேன், இதற்கு எப்படிக் கண்ணை மூடுவாள்? பிரியாவிடை விழாவில் போட்டுக் காட்டினால்?

இவரிடம் சொன்னேன். "டிவி ரிமோட்டோடயே சண்டை போடுறவ நீ. உனக்கு எடிட்டிங்கா?" என்றார். ஆனாலும் கம்ப்யூட்டரில் எடிட்டிங் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். நல்லா இருக்கட்டும் மனுஷன்.

மார்ச் 9, திங்கள்

வெள்ளை மின்னல் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் வரவில்லை. யார் குடியைக் கெடுத்தேன் நான்?

மார்ச் 11, புதன்

வந்துவிட்டது! மின்னலுக்கான வெள்ளைப் படத்துண்டை வீடியோவுக்குக் கீழ் வரிசையில் வைத்திருக்கிறேன், மக்கு. மேல் வரிசையில் இருப்பதுதான் திரையில் தெரியுமாம். மேலே ஏற்றியதும் திரை வெளுத்தது. வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. எட்டிப் பார்த்த இவர், "என்ன, சுண்ணாம்பு அடிக்கிறியா?" என்றார்.

அந்தத் துண்டைக் குறுக்கிக் குறுக்கி, கண் சிமிட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்தேன். பளிச்சென்று வந்து மெல்லக் கரைய வேண்டும், அதுதான் சூட்சுமம். கரைந்தபோது அடியிலிருந்து அக்காவின் முகம் வந்தது. இரண்டு கண்ணும் திறந்து! கைதட்டிவிட்டேன். தனியாக உட்கார்ந்து கைதட்டுகிற பைத்தியம்.

மார்ச் 15, ஞாயிறு

கடைசிப் படம் கிடைத்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய ஒரு குழந்தையின் தாடையை உள்ளங்கையில் தாங்கியிருக்கிறாள். குழந்தை பயத்தில் கண்ணை இறுக மூடியிருக்கிறது. அக்கா அதையே பார்த்துச் சிரிக்கிறாள்.

அம்மா இறந்த வருஷம், சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கும் அக்கா இப்படித்தான் நீச்சல் சொல்லிக் கொடுத்தாள். அதே கை. இந்த முகத்தை அன்றைக்கே நான் பார்த்திருக்கலாம். அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

நான் படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம், எல்லாம் அவள் போட்ட சோறு. ஒரு நாள் வாய்விட்டு நன்றி சொன்னேனா? சொன்னால், "போடி, வேலையைப் பாரு" என்பாள்.

மார்ச் 22, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

அக்கா திடீரென்று வந்தாள். நல்ல வேளை, திரையில் அவள் இல்லை. இவர் வாய் நிறையச் சோற்றோடு இருக்கிற சோதனை வீடியோதான் இருந்தது. "சும்மா விளையாட்டுக்குக்கா" என்று போட்டுக் காட்டினேன். ஃபிளாஷ் மின்னியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்! திறப்பதற்குள் படம் ஓடிவிட்டது. "எங்கடி மாப்பிள்ளை? காணோமே?" மறுபடி போட்டேன். மறுபடியும் மூடினாள்.

கேமரா ஃபிளாஷாக இருந்தால் என்ன, திரையில் நான் போட்ட ஃபிளாஷாக இருந்தால் என்ன, அவள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மண்டபமே அவள் முகத்தைப் பார்க்கும். அவள் மட்டும் பார்க்கமாட்டாள். இது எனக்கு ஏன் முன்னாடியே தோணல?

மார்ச் 24, செவ்வாய்

சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். இவர் தேநீரை வைத்துவிட்டு, "அவங்க கண்ணைத் திறக்கிற வரைக்கும் படம் நின்னா என்ன? அதுக்கென்ன பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார்.

அடடா! எல்லா வெள்ளையையும் பாதியாக மங்கலாக்கினேன். ஒவ்வொரு படத்தையும் நிதானமாக நிற்க வைத்தேன். கடைசிப் படத்துக்கு மட்டும் ஃபிளாஷ் வேண்டாம், க்ளிக்கும் வேண்டாம். தண்ணீரின் அசைவு மெல்ல மெல்ல அடங்கி நிற்கட்டும். பாடுபட்டுச் செய்த மின்னலை எடுக்க மனசு வரவில்லைதான். ஆனால் படம் யாருக்காம்?

இவருக்கும் நான் நன்றி சொல்வதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 31, செவ்வாய்

விழாவில் அக்கா முன்வரிசையில், பக்கத்தில் நான். படத்தை நான் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தேன்.

முதல் ஃபிளாஷ். மூடினாள். பிள்ளைகள் "க்ளிக்!" என்று கத்தினார்கள். அவள் கண் திறந்தபோது படம் அங்கேயே நின்றது.

"யாருடி அது?"

"நீதாங்க்கா."

அடுத்ததற்கும் மூடினாள், திறந்தாள், பார்த்தாள். கடைசியில் தண்ணீர் அடங்கி, அந்த முகம் நின்றது. அக்கா இமைக்கவில்லை. என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

"நான் இப்படியா இருக்கேன்?"

"எப்பவும் இப்படித்தாங்க்கா இருக்கே."

போடி என்று சொல்லவில்லை. அழுதுவிட்டாள். நானும்தான். நன்றி சொல்ல எத்தனையோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன், கடைசியில் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டதுதான் மிச்சம்.

பிறகு மேலாளர் மேடையில் அவளை நிறுத்தி நிஜமான கேமராவில் எடுத்தார். கண் மூடிவிட்டது! எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, "இன்னொண்ணு எடுங்க சார்" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை!

ஏப்ரல் 3, வெள்ளி

காலையில் போனில் அக்காவிடமிருந்து செய்தி: "சாயங்காலம் வரேன், பால் வாங்கி வை."

அவள் எண்ணுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக அவள் வைத்திருந்த ஒரு ரோஜாப்பூ படம் இருந்தது. இன்று அங்கே, இடுப்பளவு தண்ணீரில், கண் திறந்து சிரிக்கிறாள்.