மொட்டைமாடிப் பாறைப் பாத்தி

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்.
பங்குனி 9

அன்பு மருமகள் அனுவுக்கு,

மாமா சொக்கன் எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன், அம்மா! இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. கோயில் வகுப்பில் பவானி டீச்சர், "ஐயா, பேனா எங்கேயும் ஓடிப்போகாது, கொஞ்சம் லேசாப் பிடிங்க" என்று சிரிக்கிறார். எழுபத்தொரு வயதில், கோயில் சுவரில் உள்ள உபயக்காரர் பெயரையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் சாமி கும்பிடுகிறேன்.

நீ எங்களை விட்டு மலையூர் கலோவுக்குப் போன மறுமாதமே வகுப்பில் சேர்ந்தேன். செடிகளைப் பார்த்துக்கொள்ள, மாடிச் சுவரில் எனக்காக நீ ஒட்டிய தாளை வாசிக்கத்தான். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். அதைப் பார்த்து எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நினைத்தாய். நானும் தெரிந்ததுபோலவே இருந்துவிட்டேன்.

போன வாரம் வாசித்தேன். "மாமா, உரம் போட வேண்டாம். மழை படக் கூடாது. தண்டைச் சுற்றியுள்ள கல்லை எடுக்காதீங்க."

நீ தங்கை பிரசவத்துக்குக் கியாக்தான் போயிருந்த பத்து நாளில் மூன்றையும் செய்தேன். நான் கீரையும் கத்தரியும் போட்டுப் பழகியவன். கல்லுக்குள் செடி பட்டினி கிடக்கிறது என்று சாணம் கரைத்து ஊற்றினேன். சரளைக்கல்லைப் பொறுக்கி எறிந்தேன். மழைத்தண்ணீர் குடிக்கட்டும் என்று பிளாஸ்டிக் கூரையைக் கழற்றினேன். உன் அம்மா சாவதற்கு முன் கொடுத்த செடிகள், தரையோடு படர்ந்து கிராம்பு மணம் வீசியவை, ஒன்று மிஞ்சாமல் அழுகிப்போயின.

நீ திரும்பி வந்த அன்று உன் புருஷன் சசிகுமார் கேட்டபோது, "அவள் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்" என்றேன். சுவரில் இருந்த தாளைத் திரும்பியும் பார்க்காமல், பக்கத்து வீட்டு அம்மா டோ மியா முன்னாலேயே அவன் உன்னைக் கண்டபடி பேசினான். நீ அந்தத் தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வாசித்துவிட்டு வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே நினைத்தாய்? எழுத்துத் தெரியாதவன் என்று சொல்ல வெட்கப்பட்டு, பழியை உன் மேல் போட்டேன்.

நேற்று சசியிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டான். "அவளை என்னவெல்லாம் பேசிட்டேன், அப்பா" என்றான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறான். இந்தக் கடிதம் அவன் கையில்தான் வரும். அவன் தவறு வேறு, என் தவறு வேறு. எனக்காக அவனை மன்னிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் வாசலில் நிற்கட்டும்.

அவனோடு வருவதும் வராததும் உன் விருப்பம். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை மட்டும் நம்பு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். திட்டியாவது நாலு வரி எழுது, அம்மா. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

உன் மாமா,
சொக்கன்